டொக்டருக்குக் காட்டாத வயிற்றுக் கொப்பி

ஆவணி 5, செவ்வாய்

கச்சான் காற்று. முற்றம் கூட்டி நிமிர முன்னம் மாவிலை அவ்வளவும் திரும்ப வந்து கிடக்கிறது. கூட்டினதும் ஒன்று, கூட்டாததும் ஒன்று.

காலையில் ஆஸ்பத்திரிக் கிளினிக். ஆறு மணிக்குப் போய் இருந்தேன், பத்தரைக்குக் கூப்பிட்டார்கள். டொக்டர் என்றால் ஒரு சின்னப் பெட்டை. கம்பஸில் படிக்கிற என் பேத்தி தர்சியைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும்.

"எத்தினை நாளா அம்மா வயித்தாலை போகுது?"

"அஞ்சாறு கிழமை."

"ஒரு நாளைக்கு எத்தினை தரம்?"

பின்னால் வரிசையில் எங்கள் ஊர்க் கோப்பாய்ச் சனம் பாதி. வாயால் சொல்வேனா? நான்கு விரலைக் காட்டினேன். உண்மையில் ஏழு.

"இதுக்கு முதல் அன்ரிபயோட்டிக் குளிசை ஏதும் எடுத்தனீங்களோ? பாமசியிலை சும்மா வாங்கியெண்டாலும்?"

"இல்லைப் பிள்ளை."

பட்டென்று வந்துவிட்டது அந்த இல்லை. வந்தபிறகு திருப்பி விழுங்க முடியுமா?

எங்கள் உடம்பைக் காக்கிற, கண்ணுக்குத் தெரியாத சின்னக் கலங்களே எங்கள் குடலைத் தாக்குகிற வருத்தம் ஒன்று இருக்கிறதாம். அடுத்தமுறை குழாய் விட்டுப் பார்ப்பார்களாம். அதுவாக இருந்தால் அந்தக் கலங்களை அடக்க மருந்தாம். எந்த வழியால் குழாய் என்று கேட்டேன். சொன்னாள். கேட்காமல் விட்டிருக்கலாம்.

"ரெண்டு கிழமைக்கு ஒரு கொப்பியிலை எழுதிக்கொண்டு வாங்கோ. என்ன சாப்பிட்டது, எத்தினை தரம் போனது. உங்களுக்கு எழுதத் தெரியுமோ? இல்லாட்டி வீட்டிலை ஆரும்..."

எழுதத் தெரியுமோவாம்! ஐந்தாம் வகுப்புத்தான். ஆனால் கையெழுத்துக்கு முதற்பரிசு வாங்கினவள். இந்த ஒழுங்கையில் நடந்த கலியாணங்களுக்குக் கார்ட்டில் விலாசம் எழுதினது யார்?

வரும் வழியில் கொப்பி இரண்டு வாங்கினேன். ஒன்று டொக்டருக்கு, கோடு போட்டு, வடிவாக. இது எனக்கு. இதில்தான் உள்ளது உள்ளபடி.

கா. = காலை. ம. = மதியம். இ. = இரவு. போ. = போனது.

ஆவணி 6, புதன்

கா. இடியப்பம் 3, சொதி. ம. சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு. இ. பாண் 2 துண்டு. போ. 7. (நல்ல கொப்பியில்: 3.)

வெக்கை. கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது. பெரிய கேத்திலில் இரண்டு தரம் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, துணியால் வடித்தேன். முப்பது வருடமாக இந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் ஒருவர் வாயிலும் படவில்லை. அப்படியிருந்தும் எனக்கு!

நான் கக்கூசில். இவர் வெங்காயத் தோட்டத்தால் வந்து கதவைத் தட்டுகிறார்.

"இஞ்சேரப்பா, உள்ளுக்கை குடிபூந்திட்டீரோ? பாயும் தலைகாணியும் கொண்டுவரட்டோ?"

நாற்பத்தெட்டு வருடம் இந்தப் பகிடிகளோடு குடித்தனம்.

பின்னேரம் இவருடைய தங்கை பூமணி மச்சாள், புதுச் சேலையோடு.

"மச்சாள், நல்லூர்க் கோயிலிலை கொடியேறி ஒரு கிழமை. உங்களைக் காணேல்லையெண்டு சனம் கேக்குது."

"கால் நோ."

"கால் நோவுக்கு முகம் ஏன் உப்பிடி வத்திக் கிடக்கு?"

கண் அவளுக்கு. கிணற்றுக் கப்பி மாதிரி எல்லாவற்றையும் மேலே இழுக்கும்.

ஆவணி 8, வெள்ளி

கா. உளுத்தங்கஞ்சி. ம. விரதச் சோறு, மூன்று கறி, பாதி வைத்துவிட்டேன். போ. 6.

கனடாவில் இருந்து வந்தவர்களிடம் மகன் ராசன் ஒரு போத்தல் மருந்து குடுத்துவிட்டிருக்கிறான். கூட்டுக் குளிசை, வெள்ளைக் கூட்டுக்குள் தூள். போனில் முகத்தைக் காட்டிக்கொண்டு விளக்கம்.

"அம்மா, உதுக்குள்ளை பற்றீரியா இருக்கு. உயிரோடை. நல்ல பற்றீரியா."

"கிருமியோ?"

"நல்ல கிருமி அம்மா. ஒரு நாளைக்கு ஒண்டு."

பிளேனில் ஏற்றிக் கிருமி அனுப்புகிறான் பெற்ற தாய்க்கு. நான் அவனுடைய பால்போத்தலை மூன்று தண்ணீரில் அவித்து வளர்த்தவள். இங்கே இல்லாத கிருமியா? நாய் படுக்கிற மணலில் ஒரு கரண்டி அள்ளினால் போதாதா?

பூமணி அதையும் பார்த்துவிட்டாள்.

"உந்தக் கூடு மாட்டுத் தோலிலை செய்யிறதாம் மச்சாள். திருவிழாக் காலத்திலை மாட்டை விழுங்கப் போறியளோ?"

நல்லகாலம் சொன்னாள். கூட்டைப் பிரித்து, தூளை மட்டும் கஞ்சிக்குள் கொட்டி, கூட்டை எறிந்தேன். சைவமும் கெடவில்லை, மகனின் சொல்லும் கெடவில்லை. கஞ்சியின் ருசி மட்டும் கெட்டது.

ஆவணி 9, சனி

கா. பிட்டு, வாழைப்பழம். ம. சோறு, முருங்கைக்காய். இ. ஒன்றும் இல்லை. போ. 8. (நல்ல கொப்பியில்: 4.)

தர்சிக்குக் கம்பஸ் இல்லை. ஆய்வுகூடப் படிப்புப் படிக்கிறாள். தாய் தகப்பன் வவுனியாவில், எங்களோடுதான் இருக்கிறாள். நான் தேங்காய் துருவ, பக்கத்தில் குந்தி இருந்து பாடம் நடத்துகிறாள். சமையலுக்கு ஒரு கை தரமாட்டாள், கதை மட்டும்.

"அம்மம்மா, உங்கடை குடலுக்குள்ளை எண்ண ஏலாத அளவு பற்றீரியா சீவிக்குது."

"என்ரை குடல் என்ன தேர்முட்டியோ, அவ்வளவு சனம் நிக்க?"

"தேர் அண்டு நிக்கிற சனத்தைவிடக் கூட. கீரை, தவிடு, பயறு... எங்களுக்குச் செமிக்காத நாரெல்லாம் அதுகளுக்குத்தான் சாப்பாடு. அதைத் திண்டுபோட்டு அதுகள் ஒரு சாமான் செய்யும். அது குடலைத் திடமாக்கும்."

இதுவரைக்கும் சரி. மாடு வைக்கோலைத் தின்று பால் தருகிறது, அதுபோல் என்று வைத்துக்கொண்டேன். பிறகுதான் சிக்கல். உடம்பைக் காவல் காக்கிற கலங்களில் பெரும்பங்கு குடற்சுவரில்தான் நிற்கிறதாம். யாரை விடுவது, யாரை அடிப்பது என்று அந்தக் கலங்கள் பிறந்த நாள் தொடக்கம் பற்றீரியாக்களோடு பழகித்தான் படிக்குமாம்.

"சென்றி மாதிரியோ?" என்று கேட்டேன்.

அவளுக்கு சென்றி தெரியாது, பிறகு பிறந்தவள். சொன்னேன். சந்தியில் ஆமிக்காரர் துவக்கோடு காவல் நின்ற காலம். ஒரே ஆள் ஆறு மாதம் நின்றால் எங்கள் முகம் தெரியும், மரக்கறிக் கடகத்தைத் தொட்டும் பாரான். புது ஆட்களை மாற்றிவிட்டால் முடிந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் அடி, கிழவனுக்கும் அடி. யாரைப் பார்த்தாலும் சந்தேகம்.

"அதேதான் அம்மம்மா! நல்ல பற்றீரியா இல்லாமல் போச்செண்டால் காவல் கலங்கள் குழம்பும். வீட்டுச் சுவரையே அடிக்கத் தொடங்கினாலும் தொடங்கும்."

எனக்குப் பெருமை. ஐந்தாம் வகுப்பு. அது இரண்டு நிமிடம் நிற்கவில்லை.

"அதாலைதான் சும்மா சும்மா அன்ரிபயோட்டிக் குடிக்கக் கூடாதெண்டுறது. நல்லது, கெட்டது, எல்லாம் சாகும். சிலவேளை ஒரு கெட்டது மட்டும் தப்பி, வெறும் வளவிலை காடு பத்தின மாதிரிப் பத்தும். பிறகு வயித்தாலை போய்க்கொண்டே இருக்கும்."

நான் தேங்காயைச் சிரட்டை தெரியுமட்டும் துருவினேன். அரை மூடி வீண்.

ஆவணி 11, திங்கள்

போ. 8. சாப்பாடு எழுத மனமில்லை.

அரிசிப் பானைக்குப் பின்னால் இருக்கிற பிஸ்கற் ரின்னைத் திறந்து இரண்டு நீளக் குளிசை போட்டேன். எழுதுகிறேன், இங்கேயாவது எழுதுவோம்.

ஆனியில் பல்லுக்குத்து. ரின்னில் இருந்து மூன்று நாள், காலை மாலை.
பிறகு வயிறு பொருமல். பாமசியில் கேட்டு வேறு குளிசை, ஐந்து நாள்.
அமாவாசைக்கு முதல்நாள் வழக்கம்போல் பேதிக்குக் குடித்தது. உள்ளே எல்லாம் கழுவிப் போகட்டும் என்று.
அதோடு பிடித்த வயிற்றோட்டம் நிற்கவில்லை. அதை நிற்பாட்ட, ரின்னில் இருந்த அந்த முதற் குளிசை திரும்பவும்.
நேற்று 2. இன்று 2.

டொக்டருக்குச் சொன்னது: இல்லைப் பிள்ளை.

ரின்னைப் பற்றி இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் கதைப்பதில்லை. தர்சி வந்த புதிதில் ஒருமுறை திறந்து பார்த்து, "அம்மம்மா, உதெல்லாம் காலாவதி" என்றாள். அன்று நான் அவளோடு பேசின பேச்சுக்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் போவதில்லை.

ஆவணி 13, புதன்

வெயில். தண்ணீர் இறைக்கிற மோட்டர் பழுது. இவர் எண்ணெய்க் கையோடு கிணற்றடியில்.

தர்சி குப்பைக் கூடையைக் கொட்டப் போனவள் கூக்குரல் போட்டுக்கொண்டு வருகிறாள். கையில் வெள்ளைக் கூடுகள்.

"அம்மம்மா! உள்ளுக்கை இருந்த தூள் எங்கை?"

"கஞ்சிக்குள்ளை போட்டுக் குடிச்சனான். வேறென்ன?"

"ஆறின கஞ்சியோ?"

"விசரே உனக்கு? கொதிக்கக் கொதிக்க. கிருமியெண்டு சொல்லிப்போட்டு ஆறவிட்டுக் குடிக்கிறதே?"

தலையில் கை வைத்துக்கொண்டு குந்திவிட்டாள்.

"அது உயிரோடை உள்ளுக்குப் போகவேணும் அம்மம்மா! ஆறு நாளா நீங்கள் அவிச்ச பற்றீரியாவெல்லோ குடிச்சிருக்கிறியள்!"

இவர் கிணற்றடியில் இருந்து: "கனடாக் குளிரிலை இருந்து வந்ததுகள். கோப்பாய் வெக்கை தாங்குமே?"

இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். எனக்கு வந்த கோபம்.

"ஓம், சிரியுங்கோ! கிருமி எண்டால் நான் அவிப்பன். அவிச்சபடியால்தான் நீங்கள் எல்லாரும் உயிரோடை நிண்டு சிரிக்கிறியள்! அண்டைக்கு அவிக்க ஒரு சுள்ளி இருந்திருந்தால்..."

சிரிப்பு நின்றது. இவர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு மோட்டருக்குள் தலையைக் கவிழ்த்தார். தர்சிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

எழுதினால் என்ன. சண்டையில் ஊரோடு இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போன வருடம். ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஒன்பது குடும்பம். மழை. கடைசிப் பிள்ளை, பதினாலு மாதம். இரண்டு நாள் வயிற்றால் போனது. மூன்றாம் நாள் விடிய அழவில்லை. யாரிடமும் ஒரு குளிசை இல்லை. ஒன்பது குடும்பத்திலும் கேட்டேன், கையேந்திக் கேட்டேன். திரும்பி வந்து இந்த வீட்டைக் கூட்டி முதலில் வாங்கினது அரிசி இல்லை, குளிசை. அந்த ரின் அதற்குப் பிறகு ஒரு நாளும் வெறுமையாக இருந்ததில்லை.

போ. 7. போட்டேன், 2.

ஆவணி 16, சனி

கா. தோசை 1. ம. சோறு, தயிர். போ. 7. நல்ல கொப்பி பார்க்கக் கண்கொள்ளாது. எல்லாம் 3, 4, 3.

தர்சியிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். "பிள்ளை, எனக்குத் தெரிஞ்ச ஒரு மனுசி. குளிசை எடுத்ததை டொக்டருக்குச் சொல்லேல்லை. உதாலை என்ன வந்திடப்போகுது?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண் பூமணியின் கண் இல்லை, ஆனாலும் கண்தான்.

"குளிசை எடுத்தது தெரிஞ்சால் டொக்டர் ஒரு மலச் சோதனை எழுதுவா. அந்தக் கெட்ட கிருமி இருக்கோ எண்டு பாக்க. தெரியாட்டி வேறை வருத்தமெண்டு நினைச்சு, காவல் கலங்களை அடக்கிற மருந்தைத் தொடங்கினாலும் தொடங்குவா. கள்ளன் உள்ளுக்கை நிக்கேக்கை சென்றியை நித்திரையாக்கினால் என்ன நடக்கும் அம்மம்மா? நீங்களே சொல்லுங்கோ."

என் சென்றியை எடுத்து எனக்கே திருப்பிக் காட்டுகிறாள்.

"அந்த மனுசிக்குச் சொல்லிவிடுறன்," என்றேன்.

"கெதியாச் சொல்லுங்கோ. அந்த மனுசிக்குச் சட்டை தோளாலை வழுகுது."

தண்ணீர் கொதிக்க வைப்பது பிழையோ என்றும் கேட்டேன். இல்லையாம். தண்ணீரை அவிப்பதும் சரி, சோப்புப் போட்டுக் கை கழுவுவதும் சரி. குளிசையால் குடலை அவிப்பதுதான் பிழையாம். ஒன்றாவது சரியாகச் செய்திருக்கிறேன்.

இன்று குளிசை போடவில்லை.

ஆவணி 18, திங்கள்

போ. 6. போடவில்லை. நாளைக்குக் கிளினிக்.

நல்ல கொப்பிக்கு மட்டை போட்டுக்கொண்டிருக்கிறேன், இவர் வந்து பக்கத்தில் இருந்தார். இதையும் கண்டுவிட்டார்.

"ரெண்டு கொப்பியோ? எது மெய்?"

மட்டையை நகத்தால் மடித்தேன்.

"இஞ்சேரப்பா, நான் ஒண்டு சொன்னால் எழும்பிப் போகமாட்டீரே?"

"சொல்லுங்கோவன்."

"எங்கடை பிள்ளை குளிசை இல்லாமல் போகேல்லை. தண்ணி வத்திப் போனவன். உப்பும் சீனியும் கலந்த சுத்தமான தண்ணி, அடிக்கடி ஒவ்வொரு கரண்டி. அதுதான் அண்டைக்கு வேண்டியிருந்தது. பிறகு அந்தப் பள்ளிக்கூட முகாமுக்கு வந்த டொக்டர் ஐயா என்னட்டைச் சொன்னவர்."

எழும்பிப் போகவில்லை. கொப்பியை மூடி வைத்தேன்.

"முப்பது வருசம். உதை ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"நீர் ரின்னைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனீர். அதையும் பறிச்சால் எதைப் பிடிப்பீர் எண்டு விட்டிட்டன்."

என்ன மனுசன்! ஒரு நாளைக்கு ஒன்பது பகிடி விட வாய் இருக்கிறது, இதைச் சொல்ல முப்பது வருடம் வாய் இல்லை. ஏசினேன். நன்றாக ஏசினேன். கேட்டுக்கொண்டு இருந்தார். பிறகு போய்த் தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு வந்தார். சீனி கூட. அதற்கும் ஏசினேன்.

ஆவணி 19, செவ்வாய்

மழை மப்பு, வானம் கறுத்துக் கிடக்கிறது. பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்தது. மடியில் கடகப் பை. இவரும் கூட வந்தார், வரவேண்டாம் என்று சொல்லியும்.

"உதென்ன பைக்குள்ளை கிலுங்குது?"

"உங்களுக்கேன்?"

பதினொன்றுக்குக் கூப்பிட்டார்கள். நல்ல கொப்பியை மேசையில் வைத்தேன். டொக்டர் விரித்து, "எவ்வளவு வடிவான எழுத்து!" என்றாள். அந்த நிமிடம் எழும்பி வந்திருக்கலாம். வரவில்லை. மற்றக் கொப்பியை எடுத்து அதற்கு மேல் வைத்தேன். அதற்கு மேல் ரின்.

"அது பொய் பிள்ளை. இதைப் பாருங்கோ."

கூட்டுக் குளிசைப் பக்கத்தில் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வெளியே வரிசையில் யாரோ, "உள்ளுக்கை என்ன பகிடியோ நடக்குது?" என்று சத்தம். பிறகு ஒரு பக்கத்தில் சிரிப்பு நின்றது. எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். திருப்பாமல் அப்படியே இருந்தாள்.

"பிள்ளைக்கு என்ன பேர் அம்மா?"

வயிற்றுக்கு வந்த என்னிடம் இது என்ன கேள்வி? ஐந்து மணித்தியாலம் காத்திருந்தது இதற்கா? இவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சேந்தன்," என்றேன். அந்தப் பேரை வாயால் சொல்லி எவ்வளவு காலம். எழுதினதும் இன்றுதான்.

குழாய் இப்போது இல்லை. முதலில் மலச் சோதனை. ரின்னில் இருந்ததை எல்லாம் ஒரு பையில் கொட்டி எடுத்துவிட்டு, வெறும் ரின்னைத் தந்தாள். பாரமில்லாத ரின்னைப் பிடிக்கக் கை பழகவில்லை.

"இனி இந்தக் கொப்பியை மட்டும் எழுதுங்கோ. மற்றது வேண்டாம்."

வடிவாக எழுதினதை வேண்டாமாம்!

ஆவணி 22, வெள்ளி

தூறல். மாவிலை நனைந்து ஒட்டிக் கிடக்கிறது, விளக்குமாறுக்கு அசையாது.

சோதனை முடிவு வந்துவிட்டது. தர்சி சொன்ன அந்தக் கெட்ட கிருமிதான். சென்றிக்காரர்களில் பிழை இல்லை. அதற்கு மருந்து என்ன? அன்ரிபயோட்டிக்! குளிசை குடிக்காதே என்று ரின்னை வெறுமையாக்கிவிட்டு, அதே கையால் குளிசை தருகிறார்கள். கேட்டால், இது அந்த ஒன்றைப் பிடிக்கிற குளிசையாம், பத்து நாள், ஒன்றும் தவறக்கூடாதாம், ஒன்றும் மிச்சம் வைக்கக்கூடாதாம். மிச்சம் வைத்தாலும் போட ரின் இல்லை. தர்சி அதற்குள் உப்பு, சீனி, அளவுக் கரண்டி வைத்துவிட்டாள்.

பூமணி வந்தாள். "கால் நோ எப்பிடி மச்சாள்?"

"காலுக்கொண்டுமில்லை. எனக்கு வயித்தாலை போகுது. ஏழெட்டுக் கிழமையாய்."

அவள் வாயைத் திறந்தபடி நின்றதைப் பார்க்க வேண்டும்.

இனி இதை டொக்டர் வாசிப்பாள், யாரையும் வாய்க்கு வந்தபடி ஏச முடியாது. இவரையும்.

கா. பாண், வாழைப்பழம். ம. சோறு, பருப்பு, தண்ணீர் அவித்து ஆறினது. குளிசை 2, டொக்டர் தந்தது. போ. 5.

ஐந்துதான்.